அக்காவுக்குக் குறைவு, தங்கச்சிக்கு அதிகம்: ஒரே வீட்டில் தைராய்டு இரண்டு விதமாக வருவது ஏன்?

கேள்வி:

எனக்கு 34 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் நன்றாக மெலிந்தேன், நெஞ்சு படபடவென்று அடித்தது. பால் கொடுக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று அத்தை சொன்னார்கள். ஆறாம் மாதம் நேர்மாறாக உடம்பு கனத்தது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பகலிலும் தூக்கம். சோதித்ததில் டி.எஸ்.எச். (தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன்) 38, ஆன்டி டி.பி.ஓ. (தைராய்டைக் குறிவைக்கும் எதிர்ப்புப் புரதம்) 600-க்கு மேல். அன்றிலிருந்து தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை 75 மைக்ரோகிராம் சாப்பிடுகிறேன். பிள்ளைக்கு இப்போது ஒன்றரை வயது. என் தங்கச்சிக்கு 27 வயது, போன வருஷம்தான் கல்யாணம் ஆனது. அவளுக்குத் தைராய்டு அதிகம் என்று கார்பிமசோல் கொடுத்திருக்கிறார்கள். கண் இரண்டும் முன்னால் தள்ளினாற்போல இருக்கிறது. இரண்டு பேருக்குமே 'ஆட்டோ இம்யூன்', அதாவது நம் எதிர்ப்புச் சக்தியே நம் உடம்பைத் தாக்குவது என்கிறார் டாக்டர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இப்படி எப்படி வரும்? இணையத்தில் தேடினால் சைட்டோகைன்தான் காரணம் என்று இருக்கிறது. தெரிந்த ஒருவர் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் சைட்டோகைன் பேனல் எடுக்கச் சொல்கிறார், நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட ஒரு பொடியும் தருகிறார், மாதம் 3,500 ரூபாய். அயோடின் உப்பை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக் கல்லுப்புக்கு மாறவும் சொல்கிறார். செய்யலாமா? என் மூத்த மகளுக்கு 9 வயது. அவளுக்கும் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பொடி வேண்டாம். சைட்டோகைன் பேனலும் வேண்டாம். அயோடின் உப்பை நிறுத்தவும் வேண்டாம். இந்த மாதப் பணம் கைவிட்டுப் போகும் முன்பே தெரியட்டும் என்று இதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டிருக்கிற கேள்வி அவ்வளவு நல்ல கேள்வி.

இணையத்தில் படித்தது தவறில்லை. சைட்டோகைன்களுக்கு இந்த நோயில் பெரிய பங்கு உண்டு. சைட்டோகைன் என்பது ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்லி அனுப்பும் சின்னப் புரதம். போன் வராத காலத்தில் ஒரு வீட்டில் துஷ்டி (சாவு) என்றால் ஊர் ஊராக ஆள் அனுப்பிச் சொல்லுவார்களே, அது மாதிரி. சேதி கேட்டவர் கிளம்புவார், வழியில் நாலு பேரிடம் சொல்லுவார், அவர்களும் கிளம்புவார்கள். இந்தப் புரதங்களில் நல்லது, கெட்டது என்று பிரிவு கிடையாது. டெங்கு வந்தால் உடம்பு கொதிப்பதும் மூட்டெல்லாம் வலிப்பதும் பெரும்பாலும் இவற்றின் வேலைதான். இவை இல்லாமல் ஒரு சாதாரணச் சளியைக்கூட நம்மால் தாண்ட முடியாது.

சேதி போனால் கூட்டம் சேர வேண்டும், வேலை முடிந்ததும் கலைய வேண்டும். உங்கள் கழுத்தில் கலையாமல் நிற்கிறது. சிக்கல் அவ்வளவுதான்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், மேளம் முழங்கும். ஆனால் தேர் வீடுகளில் மோதாமல் திரும்புவதற்குக் காரணம், சக்கரத்தின் அடியில் சரியான நேரத்தில் கட்டை போடுகிற சிலபேர். நம் ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களிலும் அப்படிக் கட்டை போடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. கட்டுப்படுத்தும் டி செல்கள் என்பார்கள். இன்டர்லூக்கின்-10, டி.ஜி.எஃப். பீட்டா போன்ற 'போதும், நிறுத்து' என்கிற சேதிகளை இவை அனுப்பும். ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி 1995-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். இந்தச் செல்களை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு, மீதியை எலிகளுக்குச் செலுத்தினார். வெளியிலிருந்து கிருமி எதுவும் கொடுக்காமலே அந்த எலிகளின் சொந்த உறுப்புகள் தாக்கப்பட்டன. தாக்கப்பட்டவற்றில் தைராய்டும் ஒன்று. இந்த வழியில் நடந்த ஆராய்ச்சிக்காக அவருக்கும் இன்னும் இருவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இனி உங்கள் தைராய்டுக்கு வருகிறேன். பிறவியில் வந்த மரபணுக்கள், கர்ப்பம், ஏதோ ஒரு தொற்று என்று பல காரணங்கள் ஒன்றுகூடி, தைராய்டை 'அந்நியம்' என்று நினைக்கும் சில டி செல்கள் சுரப்பிக்குள் நுழைகின்றன. நுழைந்ததும் அவை விடுகிற முக்கியச் சேதி இன்டர்ஃபெரான் காமா. கூடவே டி.என்.எஃப். என்ற இன்னொன்று. இதைக் கேட்ட தைராய்டு செல் என்ன செய்கிறது என்பதுதான் இந்த நோயின் நடுப்புள்ளி. அது சும்மா அடி வாங்கிக்கொண்டு நிற்பதில்லை. காவல் செல்கள் மட்டும் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் ஒரு அடையாளப் புரதத்தைத் தானும் மேலே மாட்டிக்கொள்கிறது. தன் உள்ளே இருக்கிற புரதத் துண்டுகளை அதில் வைத்து 'இதோ பார்' என்று டி செல்லிடம் காட்டத் தொடங்குகிறது. 1983-இல் லண்டனில் போட்டாட்சோ, புஹோல் பொரெல் ஆகியோரின் குழு முன்வைத்த கருத்து இது. அதோடு, சி.எக்ஸ்.சி.எல்.10 என்ற ஒரு புரதத்தையும் தைராய்டு செல் வெளியே விடுகிறது. அதன் வேலை புதிய டி செல்களை 'இங்கே வா' என்று கூப்பிடுவது. வந்தவை மறுபடியும் இன்டர்ஃபெரான் காமாவை விடும், தைராய்டு செல் மறுபடியும் கூப்பிடும். வீட்டுக்காரரே கதவைத் திறந்து வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் கூட்டம் எப்படிக் கலையும்?

இப்படிச் சேர்ந்த கூட்டம் உங்கள் உடம்பில் ஒரு விதமாகவும் தங்கச்சி உடம்பில் வேறு விதமாகவும் முடிந்திருக்கிறது.

உங்களுடையது ஹஷிமோட்டோ வகை. 1912-இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் அறுவை மருத்துவர் நான்கு பெண்களின் தைராய்டை நுண்ணோக்கியில் பார்த்து, சுரப்பி முழுக்க வெள்ளையணுக்கள் நிறைந்திருப்பதை எழுதி வைத்தார். அதற்குப் பிறகு சொந்த ஊருக்கே திரும்பி, கடைசி வரை ஊர் டாக்டராகவே வாழ்ந்தார். அவர் பார்த்த அந்தக் கூட்டம்தான் நான் மேலே சொன்னது. இந்த வகையில் இன்டர்லூக்கின்-1, இன்டர்ஃபெரான் காமா போன்றவை தைராய்டு செல்லின் மேல் 'என்னை முடித்துவிடு' என்கிற ஒரு பொத்தானை முளைக்க வைக்கின்றன. செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. சாகாத செல்களும் அயோடினை உள்ளே இழுப்பதில் மந்தமாகின்றன, ஏனென்றால் இதே சேதிகள் அந்த வேலையையும் அடக்குகின்றன. ஹார்மோன் குறைகிறது, மூளை டி.எஸ்.எச்.-ஐ ஏற்றுகிறது. ரிப்போர்ட்டில் பார்த்த ஆன்டி டி.பி.ஓ. இந்தச் சண்டை நடப்பதற்கான அடையாளம். 600 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். நோயின் கடுமையை அந்த எண் அளப்பதில்லை. மாதா மாதம் எடுத்துப் பார்க்கவும் தேவையில்லை.

தங்கச்சியுடையது கிரேவ்ஸ் வகை. அங்கேயும் டி செல்கள் உள்ளே வருகின்றன, அங்கேயும் சேதிகள் பறக்கின்றன. ஆனால் இன்டர்லூக்கின்-4, 6, 21 போன்றவற்றைக் கேட்டு பி செல்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் ஒரு விசித்திரமான ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதத்தை) தயாரிக்கின்றன. டி.எஸ்.எச். வந்து திறக்க வேண்டிய பூட்டில், கள்ளச்சாவி மாதிரி அது போய்ப் பொருந்திவிடுகிறது. சுரப்பி அழிவதற்குப் பதிலாக ராப்பகலாக ஓடுகிறது. அதனால்தான் படபடப்பு, மெலிவு. ஹஷிமோட்டோ ஒரு பக்கத்துச் சேதியால் வருவது, கிரேவ்ஸ் மறுபக்கத்துச் சேதியால் வருவது என்று நான் படிக்கும்போது பாடத்தில் இருந்தது. இப்போது அவ்வளவு சுத்தமாகப் பிரிப்பதில்லை. கிரேவ்ஸின் ஆரம்பக் கட்டத்திலும் இன்டர்ஃபெரான் காமாவும் சி.எக்ஸ்.சி.எல்.10-உம் ஏறியிருப்பது தெரிந்திருக்கிறது. ஒரே ஆளுக்கே சில வருஷங்களில் ஒன்று மற்றொன்றாக மாறுவதும் உண்டு. ஆகவே ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவருக்கு இரண்டு விதமாக வந்தது அதிசயமில்லை. வேர் ஒன்றுதான், கிளை மட்டும் வேறு.

இந்தச் சேதிகள்தான் நோயை உண்டாக்குகின்றன என்று மனிதர்களிடம் எப்படித் தெரியும் என்றால், அதற்குச் சாட்சி இருக்கிறது. ஹெப்படைட்டிஸ் சி-க்கு முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசி போடுவோம். அது செயற்கையாகத் தயாரித்த சைட்டோகைன்தான். ஊசி போட்டவர்களில் கொஞ்சம் பேருக்குப் புதிதாகத் தைராய்டு கோளாறு வந்தது. இப்போது சில புற்றுநோய்களுக்கு, டி செல்லின் தடையை விலக்கிவிடும் மருந்துகள் கொடுக்கிறார்கள். கட்டையை எடுத்தால் தேர் ஓடும் அல்லவா? அந்த மருந்து வாங்கியவர்களில் பலருக்குத் தைராய்டு அழற்சி வருவதை இன்றைக்கும் பார்க்கிறோம்.

இதை வைத்து அந்தப் பொடியை யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்து நோய் வரவில்லை. விழிப்பாகவே இருக்கிறது, இடம் தெரியாமல் அடிக்கிறது. அதை இன்னும் 'கூட்ட' எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்? பொடியில் என்ன இருக்கிறது என்று டப்பாவில் அச்சடித்திருக்கிறதா, பாருங்கள். அமுக்கரா (அஸ்வகந்தா) சேர்ந்திருந்தால் அது தைராய்டு ஹார்மோனை ஏற்றியதாகப் பதிவுகள் இருக்கின்றன. உங்கள் தங்கச்சிக்கு அது ஆகவே ஆகாது. சித்த மருத்துவத்தைக் குறைசொல்லி இதை எழுதவில்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முறையாகப் படித்த மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி ஆலோசனை கேட்பது வேறு, பெயர் போடாத டப்பாவை வாங்கிச் சாப்பிடுவது வேறு.

சரி, சைட்டோகைனைத் தடுக்கிற உண்மையான மருந்து இருக்கிறதா? இருக்கிறது. 1983 ஆய்வில் பங்கெடுத்த மார்க் ஃபெல்ட்மன் பின்னாளில் டி.என்.எஃப்.-ஐத் தடுத்து மூட்டுவாதத்தை அடக்கும் வழியைக் காட்டினார். அதையே தைராய்டுக்கும் போடலாமே என்று தோன்றும். நாங்கள் போடுவதில்லை. டி.என்.எஃப். நம் நுரையீரலில் தூங்குகிற டி.பி. கிருமியைக் கட்டிப் போட்டு வைத்திருக்கும் காவல்களில் ஒன்று. அதைத் தடுத்தால் டி.பி. கிளம்பலாம், நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. மூட்டு கெட்டால் மூட்டுக்குப் பதில் கொடுக்க ஒரு மாத்திரை கிடையாது. தைராய்டு கெட்டாலோ, சுரக்க வேண்டிய அதே ஹார்மோனை ஒரு சின்ன மாத்திரையில், குறைந்த விலையில் கொடுத்துவிட முடிகிறது. ஆபத்தில்லாத வழி கையில் இருக்கும்போது காவலைக் கழற்ற வேண்டியதில்லை.

பேனல் வேண்டாம் என்றதற்கும் இதே போலக் காரணம் உண்டு. இந்தச் சேதிகள் பெரும்பாலும் சுரப்பிக்குள்ளேயே, பக்கத்துச் செல்லுக்குச் சொல்லப்படுபவை. ரத்தத்தில் வருவது கொஞ்சம், அதுவும் சீக்கிரம் மறையும். ஒரு சளி, சரியில்லாத ஒரு ராத்திரித் தூக்கம் போதும், எண் மாறிவிடும். நெல்லையப்பர் கோயில் ரதவீதியில் அடிக்கிற மேளத்தைப் பாளையங்கோட்டையில் நின்று கேட்டு, தேர் எந்த முக்கில் நிற்கிறது என்று சொல்ல முடியாது. அப்படியே எண் கிடைத்தாலும் அதை வைத்து உங்கள் மாத்திரையில் ஒரு மைக்ரோகிராம்கூட மாற்றப் போவதில்லை. மாற்றச் சொல்லுவது டி.எஸ்.எச். ஒன்றுதான். ஆராய்ச்சிக்கூடத்தில் இந்த அளவுகளுக்கு மதிப்பு உண்டு, உங்கள் வீட்டுக் கணக்கில் இல்லை.

உப்பைப் பற்றிச் சொல்லுகிறேன். அயோடின் மிக அதிகமானால் தைராய்டு அழற்சி கூடும் என்பது உண்மை. யாரோ அதைப் பாதி கேட்டுவிட்டு உங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்த எச்சரிக்கை கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்து போன்றவற்றுக்கு. நம் உப்பில் வீட்டுக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாளைக்குப் 10 கிராம் உப்பு சேர்த்தாலும் 150 மைக்ரோகிராம் அளவில்தான் வரும், பெரியவர்களுக்குத் தேவையானதே அவ்வளவுதான். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 250 வேண்டும். கல்லுப்பு கடலிலிருந்து வருவதால் அதில் அயோடின் இருக்கும் என்று பலபேர் நம்புகிறார்கள். உப்பளத்தில் விளைகிற உப்பில் இயற்கையாக இருப்பது மிகச் சொற்பம், அயோடினைத் தனியாகச் சேர்க்க வேண்டும். உங்கள் வீட்டில் ஒரு கைக்குழந்தை, வளர்கிற ஒரு பெண் பிள்ளை. தங்கச்சி நாளைக்குக் கர்ப்பமாகலாம். கல்லுப்புத்தான் கைக்குப் பழக்கம் என்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பும் கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்ட ஒன்று. பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் மெலிவும் படபடப்பும், ஆறாம் மாதம் கனமும் தூக்கமும் என்று எழுதியிருக்கிறீர்கள். கர்ப்ப காலத்தில் பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக 'நிறுத்து' என்கிற சேதிகள் ஓங்கியிருக்கும். பிரசவம் முடிந்ததும் அந்தப் பிடி தளரும், அடங்கியிருந்த கூட்டம் எழும். முதலில் சுரப்பி உடைந்து, சேர்த்து வைத்த ஹார்மோன் கொட்டும், அப்புறம் வற்றும். பிரசவத்துக்குப் பிந்திய தைராய்டு அழற்சி என்று இதற்கே பெயர். அத்தை சொன்னதில் தப்பில்லை, அந்த மூன்றாம் மாதம் யாருக்குமே அப்படித்தான் தோன்றும். இந்த வகை பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தானே சரியாகிவிடும், சிலருக்கு நிலைத்துவிடும். உங்கள் டி.எஸ்.எச். 38 வரை போனதாலும் ஆன்டி டி.பி.ஓ. அதிகம் என்பதாலும் நிலைத்திருக்க வாய்ப்பு கூடுதல். ஆனாலும் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டதால், மாத்திரையைப் பாதியாகக் குறைத்து 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். பார்க்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள். இன்னொரு பிள்ளைக்கு எண்ணம் இருந்தால் இந்தப் பரீட்சையே இப்போது வேண்டாம். பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். பால் கொடுக்கும்போது தைராக்சின் சாப்பிடுவதால் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். கருப்பட்டிக் காப்பியை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், காப்பி அந்த மருந்தை உடம்பில் சேரவிடாது. பிரசவத்துக்கு அப்புறம் கொடுத்த இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை இன்னும் சாப்பிட்டால் இதற்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். டோஸ் ஏறிக்கொண்டே போகிறது என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமாக இருந்திருக்கிறது.

தங்கச்சியிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலோடு தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் உயிருக்கு ஆபத்து. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ராத்திரியானாலும் போகலாம். அடுத்தது, பிள்ளைப்பேறு. கார்பிமசோல் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. நாள் தள்ளிப்போன பிறகு சொல்வது தாமதம். கருத்தரிக்கும் எண்ணம் வந்ததுமே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கள்ளச்சாவி ஆன்டிபாடி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் தைராய்டையும் தூண்டக்கூடியது. அதனால் கர்ப்பத்தின்போது அதன் அளவையும் பார்க்க வேண்டியிருக்கும்.

கண் தள்ளுவதும் இந்தச் சேதிகளின் கைவேலைதான். கண்குழியில் இருக்கிற செல்களிலும் அதே டி.எஸ்.எச். பூட்டு இருக்கிறது. இன்டர்லூக்கின்-6 போன்றவை அங்கே நீர் கோத்து வீங்க வைக்கின்றன. புகை பிடிப்பவர்களுக்கு இது பலமடங்கு மோசமாகிறது. வீட்டில் யாராவது பீடியோ சிகரெட்டோ குடித்தால் வெளியே போய்க் குடிக்கச் சொல்லுங்கள். ஒரு கண் மருத்துவரை இப்போதே ஒருமுறை பார்த்து அளவு எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பார்வை மங்கினாலோ, நிறங்கள் வெளுத்துத் தெரிந்தாலோ, கண்ணை அசைக்க வலித்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப் போட வேண்டாம்.

கடைசியாக மகள். தாய்க்கும் சித்திக்கும் இருப்பதால் அவளுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் வந்தே தீரும் என்று இல்லை. ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்குக் கிரேவ்ஸ் இருந்தால்கூட, மற்றவருக்கும் வந்தது டென்மார்க் ஆய்வில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான். கழுத்து வீங்குகிறதா, சுறுசுறுப்பாக இருந்த பிள்ளை காரணமில்லாமல் சோர்கிறாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவரில் நிறுத்தி உயரத்தைக் குறித்து வையுங்கள். கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் இப்போதைக்கு ரத்தம் எடுக்க வேண்டியதில்லை.